மெக்சிகோ சிட்டி: பிரமிடுக்காகக் கட்டடங்களை இடித்தது சரியா?

செம்மண்சாலை
1978 பிப்ரவரியில் மெக்சிகோ சிட்டியின் நடுமையத்தில் மின்கம்பிக்குப் பள்ளம் தோண்டிய தொழிலாளர்கள் ஒரு பெரிய வட்டக்கல்லில் முட்டிக்கொண்டார்கள். அதில் செதுக்கியிருந்தது, தலை வேறு, கை கால் வேறாகக் கிடக்கும் கொயோல்சௌகி என்ற பெண் தெய்வம். மூன்று மீட்டருக்கு மேல் விட்டம், ஏறக்குறைய எட்டு டன் எடை. அதிபர் லோப்பஸ் போர்ட்டியோ அகழாய்வுக்கு உத்தரவு போட்டார். சுற்றியிருந்த 13 கட்டடங்கள் இடிபட்டன. அடியிலிருந்து, ஸ்பானியர் வருமுன் இங்கே ஆண்ட அஸ்டெக் மக்களின் தலைமைக் கோயிலான டெம்ப்ளோ மயோர் பிரமிடு வெளியே வந்தது. இதை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 1521-இல் நகரைப் பிடித்த ஸ்பானியர்கள் கோயிலை இடித்தது அநியாயம் என்றால், பின்னால் எழுந்த நகரத்தை அரசே இடித்தது மட்டும் எப்படி நியாயம்?

பழையகுடம்
நண்பரே, 13 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு அவை என்ன கட்டடங்கள் என்பதை விழுங்கிவிட்டீர்கள். ஒன்பது, 1930-களில் கட்டியவை. மீதி நான்கு 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள். அவற்றில் காலனிய காலத்துப் பகுதிகள் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. ஏதோ அரண்மனை வரிசையையே சாய்த்துவிட்ட மாதிரி எழுதுகிறீர்கள்.

கிடைத்தது என்ன? தொல்லியலாளர் எடுவார்டோ மாட்டோஸ் மோக்டெசூமா தலைமையில் தோண்டியதில் 7,000-க்கும் மேற்பட்ட பொருள்கள். கடல் சிப்பி, பவளம், முதலை எலும்பு. அஸ்டெக்குகளுக்கே பழம்பொருளாக இருந்த, அவர்களுக்கு வெகு முந்தைய ஓல்மெக் நாகரிகத்தின் முகமூடிகூட ஒன்று. அவர்களும் தொன்மையைத் தேடி எடுத்துப் படையல் வைத்தவர்கள் என்பது அந்த ஒரு குழியிலிருந்து தெரிகிறது. நாலு வீட்டுக்கு இது போதாதா?

வம்புக்காரன்
அப்படியே பக்கத்துல இருக்கிற கதீட்ரல் தேவாலயத்தையும் சாய்ச்சிடலாமே. அதுக்கு அடியிலயும் கோயில் இருக்குதாம்ல.

நீலா
வம்பு, நீங்க கிண்டலுக்குச் சொன்னதுல விஷயம் இருக்கு. அந்தக் கதீட்ரல் 1573-இல் தொடங்கி 1813-இல்தான் முடிந்தது. அது நிற்பது பழைய ஏரிப்படுகைக் களிமண்மேல். நகரம் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் களிமண் சுருங்குகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவில் சுருங்கினால் இத்தனை தொல்லை இல்லை. அடியில் அஸ்டெக் கட்டுமானங்கள் அழுத்தி வைத்த இடம் இறுகிக் கிடக்கிறது, மற்ற இடம் இறங்குகிறது. அதனால் கட்டடம் கோணி விரிசல் விட்டது. 1990-களில் பொறியாளர்கள் தாழ்ந்த பக்கத்தைத் தூக்கவில்லை. உள்ளே 32 கிணறுகள் இறக்கி, உயர்ந்து நின்ற பக்கத்துக்கு அடியிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அதையும் இறங்க வைத்தார்கள். கேட்கவே வயிற்றைக் கலக்கும், ஆனால் பலித்தது. மேலே இருப்பதை இடிக்காமலே கீழே வேலை செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

செம்மண்சாலை
நன்றி நீலா. அங்கேயே ஸ்பெயின் கலாச்சார மையத்தின் அடித்தளத்துக்குப் போனால், பிரபுக்களின் பிள்ளைகள் படித்த கல்மெகாக் பள்ளியின் எச்சங்களைப் பார்க்கலாம். மேலே கட்டடம் கட்டடமாக இருக்கிறது. பினோ சுவாரெஸ் மெட்ரோ நிலையத்தில் காற்றுத் தெய்வத்தின் சிறு கோயில் ஒன்று பயணிகள் நடுவிலேயே நிற்கிறது. வழி இருந்திருக்கிறது, பொறுமைதான் இல்லை.

பழையகுடம்
பொறுமையா? தொல்லியலாளர் மானுவேல் காமியோ 1914-இலேயே டெம்ப்ளோ மயோரின் ஒரு மூலையைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு 64 ஆண்டு அது பெரும்பாலும் மூலையாகவே கிடந்தது. சுற்றிலும் கட்டடம், எவர் தோண்டுவார்?

மெட்ரோ கோயில் சின்னது, ஒரு நடைபாதைக்குள் அடங்கும். டெம்ப்ளோ மயோர் அப்படியல்ல. ஏழு கட்டங்களாக அதைப் பெரிதாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் பழைய பிரமிடை அப்படியே உள்ளே வைத்து, பாய்மேல் பாய் விரித்த மாதிரி மேலே புதியதை எழுப்பினார்கள். ஸ்பானியர்கள் கண்ணால் பார்த்து இடித்தது ஏழாவதை. அதில் இன்று தரைத்தளம் தவிர மிச்சமில்லை. ஆனால் உள்ளே புதைந்திருந்த இரண்டாம் கட்டம், ஏறக்குறைய 1390-ஐச் சேர்ந்தது, உச்சியில் இருந்த இரட்டைச் சன்னதிகளோடு தப்பித்தது. மழைத் தெய்வம் ட்லாலோக்கின் சன்னதி முன்னால் இருக்கும் சிலையில் வண்ணம்கூட அழியவில்லை. இந்த அடுக்குகளை வரிசையாகப் பார்க்க வெட்டவெளி வேண்டும். அடித்தளக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் நாலு படிக்கட்டு தெரியும், அவ்வளவுதான்.

செம்மண்சாலை
வெட்டவெளி என்றீர்களே, அதற்கும் விலை உண்டு. 2021 ஏப்ரலில் ஆலங்கட்டி மழை கொட்டி, அங்கே இருக்கும் கழுகு வீரர் மண்டபத்தின் மேல் போட்டிருந்த கூரை சரிந்து விழுந்தது. மண்ணுக்குள் ஐந்நூறு வருஷம் பத்திரமாக இருந்ததை வெயிலுக்கும் மழைக்கும் திறந்துவிட்டால் பிறகு காவல் காப்பது யார்?

இன்னொன்று. முந்தைய கோயிலை மூடித்தான் அஸ்டெக்குகளே அடுத்ததைக் கட்டினார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் மூடுவதும் அந்த ஊர் மரபுதான். எந்த அடுக்கில் நிறுத்துவது என்பதை யார் தீர்மானிப்பது?

பழையகுடம்
அவர்கள் தங்கள் கோயிலைத் தாங்களே மூடினார்கள். தோற்றவன் கோயிலைப் பெயர்த்து, அதே கல்லை எடுத்துத் தன் கட்டடத்துக்கு வைத்தவன் கதை வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் ஐயா.

வம்புக்காரன்
செம்மண் அண்ணே, ஒரே கேள்வி. இப்போ அந்தப் பள்ளத்தை மூடச் சொன்னா மூடுவீங்களா?

செம்மண்சாலை
மாட்டேன் தம்பி. 1930-களின் ஒன்பது கட்டடத்துக்காகவும் அழமாட்டேன். பழைய சுவர் இருந்த அந்த நான்குக்குத்தான் வழக்கு. 2015-இல் கதீட்ரலுக்குப் பின்னால், குவாதமாலா தெருவில், அஸ்டெக்குகள் மண்டை ஓடுகளைச் சுண்ணாம்பால் ஒட்டிக் கட்டிய வட்டக் கோபுரம் கிடைத்ததே, அது ஒரு பழைய வீட்டுக்கு அடியில். வீட்டை இடிக்காமலே தோண்டினார்கள். 1978-இல் அந்த நான்குக்கும் இதே மரியாதை கிடைத்திருக்க வேண்டும்.

பழையகுடம்
அதனால்தான் அந்தக் கோபுரம் சேர்ந்த மண்டையோட்டு மேடையின் ஒரு பகுதியைத்தான் இன்னும் பார்க்கிறோம். உங்களுக்கு அது போதும், எனக்குப் போதாது.