கம்ப்யூட்டர்ல ஓடுது, டிவிடி பிளேயர்ல ஓடலை

காரைக்குடி:
வீட்டுல எழுதின கல்யாண, சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி) டிவிடி பிளேயர்ல ஓடலைன்னா முதல்ல டிவியில என்ன எழுத்து வருதுன்னு பாருங்க. ‘நோ டிஸ்க்’னா லென்ஸால டிஸ்க்கைப் படிக்கவே முடியலை. ‘ராங் ஃபார்மட்’ மாதிரி வந்தா, படிச்சாச்சு, உள்ள இருக்கிறதுதான் அதுக்குப் புரியலை. கம்ப்யூட்டர்ல விஎல்சிங்கிற வீடியோ சாஃப்ட்வேர்ல ஓடுதுங்கிறது சாட்சியே இல்லை, அது எதைக் கொடுத்தாலும் ஓட்டும்.

ரெண்டாவது வகைதான் அதிகம். எம்பி4 ஃபைலை அப்படியே டேட்டா டிஸ்க்கா எழுதிடறாங்க. அதுக்குள்ள வீடியோ பெரும்பாலும் எச்.264ங்கிற முறையில சுருக்கியிருக்கும், பழைய பிளேயருக்கு அது தெரியாது. வீடியோ எம்பெக்-2 முறையில, 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ் ஏசி3, இதுதான் நம்ம ஊர் டிவி முறையான பால் (PAL) கணக்கு. டிவிடி தயாரிக்கிற டிவிடிஸ்டைலர் சாஃப்ட்வேர் இலவசம், அதுல செஞ்சா ஐஎஃப்ஓ, பியுபி, விஓபி ஃபைல்களோட வீடியோ_டிஎஸ் ஃபோல்டர் தயாராகும். ‘அப்பச்சி சாந்தி’ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள இதை வச்சா பிளேயர் தேடிப் போகாது. டிஸ்க்கைத் திறந்ததும் முதல் வரிசையில இருக்கணும். எழுதி முடிச்சு ஃபைனலைஸ் பண்ணாம, அதாவது டிஸ்க்கை மூடாம விட்டாலும் இதே கதிதான்.

தேவகோட்டை:
அண்ணே, பாதிவரை ஓடி, கடைசியில தாலி கட்டுற நேரத்துல உறைஞ்சு நிக்கிறதையும் சேர்த்துக்கங்க. டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுது. ஓரத்துலதான் பிழை அதிகம். டிஸ்க்கை வெளிச்சத்துல சாய்ச்சா எழுதின பகுதி நிறம் மாறி வளையமாத் தெரியும். வளையம் விளிம்பு வரைக்கும் போயிருந்தா சந்தேகம் அங்கதான். 4.7 ஜிபியையும் ரொப்பாம 4.2லயே நிறுத்துங்க. பிட்ரேட், அதாவது நொடிக்கு எவ்வளவு டேட்டாங்கிறது, 90 நிமிஷத்துக்கு 6 எம்பிபிஎஸ் (மெகாபிட்), ரெண்டு மணி நேரத்துக்கு 4.5. மூணு மணி நேரத்தை ஒரே டிஸ்க்ல அமுக்கினா முகமெல்லாம் கட்டம் கட்டமாயிடும், ரெண்டு டிஸ்க்காப் போடுங்க. 16எக்ஸ் வேக டிஸ்க்கை 8எக்ஸ் வேகத்துல எழுதி, சரியா பதிஞ்சுதான்னு பார்க்க வெரிஃபையும் குடுங்க.

பள்ளத்தூர்:
இதே டிஸ்க்கை மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பலாமா?

காரைக்குடி:
ஆச்சி, மலேசியா, சிங்கப்பூர் ரெண்டும் பால் முறை, அப்படியே அனுப்பலாம். அமெரிக்காவுல பல பிளேயர் பாலை ஏத்துக்காது. அவங்களுக்கு 720×480, 29.97 ஃபிரேம், அவங்க ஊர் முறையான என்டிஎஸ்சியில தனியா ஒண்ணு எழுதணும். எந்த நாட்டு பிளேயர்ல ஓடணும்ங்கிற ரீஜனை ‘ஆல்’னு விட்டுடுங்க.

பழைய விஎச்எஸ் கேசட்டுல இருந்து எடுத்ததுன்னா இன்னொண்ணு. ஆள் நடந்தா படம் முன்னும் பின்னும் உதறுதுன்னா ஃபீல்டு ஆர்டர், அதாவது ஒரு ஃபிரேமோட ரெண்டு பாதி வர்ற வரிசை, மாறிப்போச்சு. மேல் ஃபீல்டு முதல்ல, கீழ் ஃபீல்டு முதல்லன்னு இருக்கிறதை மாத்தி மறுபடி என்கோட் பண்ணணும். கம்ப்யூட்டர் திரையில இது கண்ணுல படாமலே போயிடும், டிவியிலதான் காட்டிக்கொடுக்கும்.

கானாடுகாத்தான்:
‘நோ டிஸ்க்’ பத்தி. கடையில வாங்கின ஒரிஜினல் சினிமா டிஸ்க் ஓடி, எழுதினது மட்டும் ஓடலைன்னா லென்ஸ்ல தூசி இருக்கலாம், இல்லை லேசர் தளர்ந்திருக்கலாம். எழுதின டிஸ்க் ஒரிஜினலை விடக் குறைவாத்தான் ஒளியைத் திருப்பும், அழிச்சு எழுதற ஆர்டபிள்யூ டிஸ்க் இன்னும் மோசம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால லென்ஸை லேசாத் துடைங்க, அழுத்தாதீங்க. டிஸ்க் டிவிடி பிளஸ்-ஆர் (DVD+R) வகைன்னா, டிஸ்க் எழுதற இம்ஜிபர்ன் சாஃப்ட்வேர்ல புக் டைப்பை (டிஸ்க் தன்னை எந்த வகைன்னு சொல்லிக்கிற குறி) டிவிடி-ரோம் (DVD-ROM)னு மாத்தி எழுதிப் பாருங்க, ரைட்டர் இடம் கொடுத்தா சில பழைய பிளேயர் ஏத்துக்கும். மேல காகித ஸ்டிக்கர் மட்டும் ஒட்டவே ஒட்டாதீங்க. நம்ம வெயிலுக்கு ஓரம் சுருண்டு, சுத்தும்போது டிஸ்க் ஆடும். தண்ணி மார்க்கர்ல எழுதினாப் போதும்.