பிசுபிசுத்த கியர்ப் பகுதியும் தோலாக உரிந்த கதவுப் பலகையும்

எங்கள் காருக்குப் பதினான்கு வயது. அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன். சென்னை வெயிலிலும் கடற்காற்றிலும் நின்றே பழகிய வண்டி. மூன்று ஆண்டுகளுக்கு முன் கியரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கையில் ஒட்டத் தொடங்கியது. வெல்லப்பாகு சிந்திய மேசையைத் தொட்டது போல இருக்கும். அம்மாவின் சேலையில் கறுப்புக் கறை படிந்த அன்றுதான், இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்தேன்.

அழுக்கு என்று நினைத்துச் சோப்பு நீரால் துடைத்தேன். பிசுபிசுப்பு போகவில்லை. தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காகப் பிளாஸ்டிக்கின் மேல் பாலியூரிதேன் பூச்சு ஒன்றைக் கொடுப்பார்களாம். சூடும் காற்றின் ஈரமும் ஆண்டுக்கணக்கில் அதைச் சிதைத்துவிடுகின்றன. சிதைந்த பூச்சின் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது, முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்துத்தான் அந்தப் பகுதியில் கை வைத்தேன். பல வண்டிகளில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி அதற்கு அடியில்தான் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து, உள்ளங்கை அகலமாக ஊறவைத்து ஊறவைத்துத் தேய்த்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. பொறுமை இழந்து தின்னரை ஊற்றியிருந்தால், அடியிலிருந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக்கே இளகியிருக்கும்.

பிறகு 800ஆம் எண் உப்புத்தாளால் நீர்விட்டுத் தேய்த்து, காயவைத்து, பிரைமர் அடித்து, பளபளப்பில்லாத கறுப்பை மூன்று முறை மெலிதாக அடித்தேன். முதல் பூச்சு மூடுபனி போலத்தான் விழ வேண்டும். அடியில் உள்ளது தெரிகிறதே என்று அங்கேயே கையை நிறுத்தினால் வழிந்துவிடும். அந்தப் பகுதி இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அந்தத் துணிச்சலில் கதவின் கீழ்ப்பலகையையும் கழற்றினேன். வெயிலில் சற்றுச் சூடேறிய பிறகு கழற்றியதால் கிளிப் ஒன்றும் உடையவில்லை. அதே பிரைமர், அதே கறுப்பு, அதே பொறுமை. மாட்டிய இருபதாம் நாள் குடைக்கம்பி உரசியது. பெயிண்ட் வெயிலில் சுட்ட தோல் போல நீளமாக உரிந்து வந்தது. நகத்தால் பிடித்து இழுத்தால் பலகை முழுவதையும் உரித்துவிடலாம் போலிருந்தது. அவ்வளவு உழைத்த பிறகு அதைப் பார்த்தது உண்மையாகவே வலித்தது.

எங்கள் பகுதிப் பட்டறையில் முப்பது ஆண்டுகளாகப் பெயிண்ட் அடிக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். முன்பக்கத்தை அவர் பார்க்கவேயில்லை. "பின்னால் என்ன எழுதியிருக்கிறது, படித்தீர்களா தம்பி?" என்று கேட்டுத் திருப்பினார். சிறிய எழுத்தில் 'பிபி' (PP) என்ற குறி அச்சாகியிருந்தது. பாலிப்ரொப்பிலீன். நம் வீட்டு வாளிகள் பலவும் அந்த வகைதான். அதன் மேற்பரப்பு எதையும் பற்றவிடாது. உப்புத்தாளால் தேய்ப்பது மட்டும் போதாது, ஒட்டுக்கென்றே தனிப் பூச்சு வேண்டும். அது நிறமற்றது, ஸ்ப்ரே டப்பாவிலேயே கிடைக்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நான்கு கடை ஏறி இறங்கி வாங்கினேன். அதை மெலிதாக அடித்து, டப்பாவில் சொல்லியிருந்த நேரத்துக்குள் கறுப்பையும் அடிக்க வேண்டும். பூச்சு முழுவதும் இறுக ஒரு வாரம் விட்டுவிட்டு, மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பார்த்தேன். ஒரு துளி வரவில்லை. குடை இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பதிவைப் படித்து மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, என் வண்டியில் குறியே இல்லை. பின்பக்கம் ஒரு சிறு துணுக்கைச் சீவி நீரில் போட்டேன். மூழ்கியது. மிதந்தால்தான் பிபி என்று சொன்னார்கள், அதனால் சாதாரண பிரைமரே அடித்தேன். உரிந்துவிட்டது. அதோடு சிறு சிறு குழிகளும் விழுந்தன. கார் கழுவும் இடத்தில் ஆண்டுக்கணக்காகத் தடவிய சிலிக்கோன் மெருகின் வேலை அது என்று பிறகுதான் தெரிந்தது.

என் பதில்:

தம்பி, மிதந்தால் பிபி என்பது கலப்பில்லாத பிளாஸ்டிக்குக்குச் சரி. கார் பாகங்களில் டால்க் தூளைக் கலக்கிறார்கள். இருபது விழுக்காடு சேர்ந்தாலே நீரைவிடக் கனமாகி மூழ்கிவிடும். குறி இல்லையென்றால் பிபி என்றே வைத்துக்கொண்டு ஒட்டுப்பூச்சு அடித்துவிடுங்கள். சிலிக்கோனுக்கு வழி, உப்புத்தாள் தொடும் முன்பே துடைப்பதுதான். முதலில் தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். துடைத்த பின் நீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நிற்கிறதா, இன்னும் இருக்கிறது. ஒரே படலமாகப் பரவ வேண்டும். நவம்பர் மழையிலும் அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் கறுப்பு வெளுத்துப்போகும்.

கோவையிலிருந்து மற்றொருவர்:

டேஷ்போர்டு மேல்பக்கத்தையும் அடித்தீர்களா? என்னுடையது மிகவும் வெளிறிவிட்டது.

என் பதில்:

பளபளப்பான பெயிண்ட் அங்கே வேண்டவே வேண்டாம். முன்கண்ணாடியில் எதிரொளித்துச் சாலையை மறைக்கும். ஏர்பேக் மூடியின் மேலோ எந்தப் பெயிண்டும் கூடாது. அது விரியும்போது குறித்த இடத்தில் கிழிய வேண்டும். பூச்சு அதைத் தடுக்கலாம், சில்லுகளாக முகத்தில் தெறிக்கலாம். அந்தப் பக்கத்தில் அம்மா உட்காருகிறார். என் வண்டியில் அந்த ஒரு பலகை மட்டும் இன்றும் வெளிறியே இருக்கிறது.