இன ஏற்றத்தாழ்வு என்றதும் வாதம் ஏன் தடம் புரள்கிறது?

மாறன்:
அமெரிக்கக் கறுப்பின மக்களின் பொருளாதார நிலையைப் பற்றி என் நண்பர்கள் இருவர் வாதிட்டார்கள். ஒருவர் அடிமைமுறையிலிருந்து தொடங்கினார். மற்றவர் தந்தையில்லாத குடும்பங்களிலிருந்து தொடங்கினார். பத்து நிமிடத்தில் ஒருவருக்குப் போலி முற்போக்காளர் என்றும் மற்றவருக்கு இனவெறியர் என்றும் பட்டம் கிடைத்துவிட்டது. இருவரும் நன்கு படித்தவர்கள், மற்ற விஷயங்களில் நிதானமானவர்கள். இதில் மட்டும் நிதானம் ஏன் தவறுகிறது?

கயல்விழி:
உங்கள் நண்பர்கள் 1965-இல் நடந்த சண்டையைத்தான் மறுபடி நடத்தியிருக்கிறார்கள். அமெரிக்க அதிபர் ஜான்சனின் அரசில் தொழிலாளர் துறை உதவிச் செயலராக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹான், கறுப்பினக் குடும்பங்களைப் பற்றி அரசுக்குள் சுற்றுக்கு விடுவதற்காக ஓர் அறிக்கை எழுதினார். அடிமைமுறையும் ஆண்களின் நீடித்த வேலையின்மையும் குடும்பத்தைக் குலைத்துவிட்டன, ஆகவே அரசு தலையிட வேண்டும் என்பதே அவர் வாதம். ஆனால் தீர்வுகளை அவர் வேண்டுமென்றே எழுதாமல் விட்டார். ஓர் அத்தியாயத்துக்கு ‘நோய்க்கூறுகளின் சிக்கல்’ என்ற பொருளில் தலைப்பும் வைத்தார். அறிக்கை கசிந்த கோடையில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடிக்கவே, பத்திரிகைகள் கலவரத்துக்கே அதை விளக்கவுரையாக்கின. பாதிக்கப்பட்டவர்களையே பழிப்பதாக உளவியலாளர் வில்லியம் ரையன் அதைச் சாடினார். காரணம் தேடி எழுதியது குற்றச்சாட்டாகப் படிக்கப்பட்டதில் எழுதியவருக்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

இளங்கோ:
கோபப்படுபவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் குடும்பமே பிறருக்குப் புள்ளிவிவரமாகும்போது நிதானம் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. அது போக, பெரும்பாலானோர் வருமானத்தையும் சொத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளையினக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து) 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர். ஆறு மடங்குக்கும் மேலான இந்த இடைவெளியைச் சம்பள வித்தியாசத்தால் மட்டும் விளக்க முடியாது. 1930-களில் அரசு நிறுவனமே நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணமிட்டு, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்தது. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968-இல்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை வெள்ளையர்கள் அரசு உத்தரவாதம் பெற்ற கடனில் வீடு வாங்கிப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள். இந்த வரலாற்றை அறியாதவர் சோம்பல் என்கிறார். அறிந்தவரோ அந்த அறியாமைக்கு உடனே இனவெறி என்று பெயர் வைத்துவிடுகிறார்.

மாறன்:
இருவருக்கும் நன்றி. யோசித்துப் பார்த்தால், என் நண்பர்களில் ஒருவர் மாதச் சம்பளத்தையும் மற்றவர் பாட்டன் வாங்க முடியாமற்போன வீட்டையும் மனத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். மொய்னிஹான் அறிக்கையை இருவருக்கும் அனுப்புகிறேன். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.