புதுப்பிப்பு: டேப்லெட்டா, மின்வாசிப்பானா?

நூல் வாசிப்பதற்கு டேப்லெட் போதுமா, தனியே மின்வாசிப்பான் (நூல் வாசிப்பதற்கென்றே உள்ள ஈ-ரீடர் கருவி) வேண்டுமா என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பலரும் பரிந்துரைத்தபடி 6 அங்குல மின்வாசிப்பான் ஒன்றை வாங்கிவிட்டேன். எனினும் டேப்லெட்டை விற்கவில்லை.

மலேசியாவின் பினாங்கில் பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் படகில் செல்லும்போது, சன்னலோர வெயிலில் டேப்லெட்டில் பெரும்பாலும் என் முகத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். மின்வாசிப்பானின் மின்மை (இ-இங்க்) திரை வெளியொளியைத் தாளைப் போலவே பிரதிபலிப்பதால் அந்தத் தொல்லை இல்லை. பக்கம் மாறும்போது மட்டுமே திரை மின்சாரம் எடுப்பதால், மின்னேற்றியின் நினைவும் அரிதாகவே வருகிறது.

சிக்கல், வருடப்பட்ட (ஸ்கேன் செய்யப்பட்ட) பழைய தமிழ் நூல்களில்தான். 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 பக்கம், ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் அகலத் திரையில் பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிடுகிறது. 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகிவிட்டால் 'ற' எது, 'ர' எது என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. அவை படங்கள் என்பதால் எழுத்தை மட்டும் பெரிதாக்கவும் இயலாது. மாறாக, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் ஒருங்குறியில் (யூனிகோடு எழுத்தாக) கிடைக்கும் நூல்களை ஈபப் என்னும் மின்னூல் கோப்பாக மாற்றிக்கொண்டால், வேண்டிய அளவில் வரிகள் தாமே மடங்கி அமைகின்றன.

ஆகவே வருடிய நூல்களுக்கு மட்டும் டேப்லெட்டை எடுக்கிறேன், அதுவும் என் மாமியார் சமையல் காணொளிகளைப் பார்த்து முடித்த பிறகு.