கோ மேப்பில் எடுத்துக்கொண்டே நீக்க முடியாதா?

ராக்கோழி:
கூப்பன் சரிபார்க்கும் சின்ன சர்வீஸ் ஒன்று, கோ மொழியில் எழுதியது (“கோவில் எழுதினேன்” என்றால் வீட்டில் கும்பிடுகிறார்கள்). கூப்பன் கோடு கீ, தள்ளுபடித் தொகை வேல்யூ. சர்வீஸ் எழும்போதே டிபியிலிருந்து (டேட்டாபேஸ்) எல்லாவற்றையும் மேப்பில், அதாவது கீ கொடுத்தால் வேல்யூ தரும் அட்டவணையில், ஏற்றிவிடுவோம். ரீட் லாக் (பல பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம்) போட்டுப் படிக்கிறேன், லாக்கை விடுகிறேன், அப்புறம் ரைட் லாக் (ஒருவர் மட்டும்தான் உள்ளே) போட்டு டெலீட். நேற்று ஒரு புண்ணியவான் பட்டனை இரண்டு தடவை தட்ட, ஒரே கூப்பனுக்கு இரண்டு ஆர்டரில் தள்ளுபடி போய்விட்டது. பைத்தானில் பாப் என்று ஒரு வரி, வேல்யூவைத் தந்துவிட்டு கீயை நீக்கிவிடும். இங்கே டெலீட் எதையுமே திருப்பித் தருவதில்லையே, ஏன்?

மூலைசீட்:
டெலீட் மேல் பழி போடாதீங்க, லாக்கை நடுவில் விட்டது நீங்கள். படிப்பதும் நீக்குவதும் ஒரே ரைட் லாக்குக்குள் இருக்கட்டும், நாலு வரி ஃபங்ஷன்தான். கீயைத் தேட ஹாஷ் கணக்கை இரண்டு முறை போடுமே என்று கவலைப்படாதீர்கள், கூப்பனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. சிங்க் மேப்பில் (லாக் போடாமலே பல பேர் பயன்படுத்தக்கூடிய கோ மேப்) எடுத்துக்கொண்டே நீக்கும் லோட்அண்ட்டெலீட் கோ 1.15லிருந்தே (2020) இருக்கிறது, ஆனால் வேல்யூ எனி டைப்பாக வரும், இதற்காக மட்டும் அதற்குத் தாவ வேண்டாம்.

நல்_பாயிண்டர்:
பாதிதான் ஒப்புக்கொள்வேன். எடுப்பதும் நீக்குவதும் தனித்தனியாக இருந்தால் நடுவில் ஓட்டை விழத்தான் செய்யும். 2012இல் கோ 1 வருவதற்கு முன் நீக்குவது எப்படித் தெரியுமா? மேப்பில் ஏதோ ஒரு மதிப்பை வைத்து, காற்புள்ளி போட்டு ஃபால்ஸ் என்று எழுத வேண்டும்! அதற்கு டெலீட் எவ்வளவோ மேல். ஆனால் மதிப்பை மட்டும் திருப்பித் தந்தாலும் போதாது. ஜாவா ஹாஷ்மேப்பில் ரிமூவ் ‘நல்’ (null, வெறுமை) தந்தால் கீ இல்லையா, இல்லை கீயின் வேல்யூவே ‘நல்’தானா என்று தெரியாது. உங்களுக்கும் அதேதான், இல்லாத கீக்கும் கோ 0 தான் தரும், ‘டெலிவரி மட்டும் இலவசம்’ கூப்பனுக்குத் தொகை 0 தானே? அதனால் ஃபங்ஷன், கீ இருந்ததா இல்லையா என்று சொல்லும் ஓகே என்ற பூலியனையும் (ட்ரூ/ஃபால்ஸ்) சேர்த்துத் தரட்டும். சி ஷார்ப்பில் டாட்நெட் கோர் 2.0 வருவதற்கு முன் டிக்ஷனரியின் (அங்கே மேப்புக்கு அந்தப் பெயர்) ரிமூவ் பூலியன் மட்டும்தான் தந்தது, 2.0இல்தான் அவுட் பாராமீட்டர் வைத்து வேல்யூவும் வந்தது. ரஸ்ட்டில் ஆப்ஷன் (வேல்யூ உண்டு அல்லது இல்லை என்று சொல்லும் டைப்) வரும், ரிமூவ்_என்ட்ரி கேட்டால் கீயையும் கையில் கொடுத்துவிடும். எனக்குப் பிடித்தது அதுதான்.

ராக்கோழி:
0 ரூபாய் கூப்பன் நிஜமாகவே இருக்கிறது! ஓகேயோடு மாற்றிவிட்டேன். ஒரே கூப்பன் கோடை நூறு கோரூட்டீனில் (கோவில் ஒரே நேரத்தில் ஓடும் சின்ன வேலைகள்) அடித்துப் பார்த்தேன், ஒன்றுதான் ஜெயித்தது.

மூலைசீட்:
சரி, ப்ரொடக்ஷனில் சர்வீஸின் எத்தனை இன்ஸ்டன்ஸ் (பிரதி) ஓடுகிறது?

ராக்கோழி:
…இரண்டு.

மூலைசீட்:
அப்போ இரண்டு மேப், இரண்டு லாக், ஒன்றில் நீக்கியது மற்றதற்குத் தெரியாது. கூப்பன்களை ரெடிஸில் (இரண்டும் பகிரக்கூடிய தனி கீ-வேல்யூ சர்வர்) வையுங்கள், 6.2 அல்லது அதற்கு மேல் என்றால் கெட்டெல் (GETDEL) கட்டளை இருக்கிறது, மதிப்பைத் தந்துவிட்டு அங்கேயே அழித்துவிடும். இன்றைக்கே மாற்றுங்கள்.