பொருள்: 'டொமஸ்டிகேஷன்' தமிழில்? வியாழன் வகுப்புக்கு வேண்டும்

நண்பர்களே, வியாழக்கிழமை மொழிபெயர்ப்பியல் வகுப்பில் 'சிவப்பு மாளிகைக் கனவு' என்ற சீன நாவலை எடுக்கிறேன். நாயகன் பாவ்யூ இருக்கும் இடம் யிஹோங் யுவான், அதில் 'ஹோங்' என்றால் சிவப்பு. 1973இல் வரத் தொடங்கிய டேவிட் ஹாக்ஸின் ஆங்கிலத்தில் அது பச்சையாகிவிட்டது. சீனத்தில் சிவப்பு வசந்தத்தையும் இளமையையும் செழிப்பையும் சொல்லும், ஆங்கிலத்தில் சொல்லாது, அதனால் பச்சையும் பொன்னுமாக மாறிவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். தலைப்பிலும் சிவப்பு கிடையாது, 'கல்லின் கதை' என்ற இன்னொரு பழைய பெயரை எடுத்துக்கொண்டார். அயல் நூலை வாசகரின் மொழி வழக்குக்கு ஏற்ப மாற்றும் இந்த வேலைக்கு, அதாவது டொமஸ்டிகேஷனுக்கு, ஒரு சொல் வேண்டும். போன முறை ஒரு மாணவர் 'வீட்டுவளர்ப்பு' என்று எழுதிவிட்டார், அது ஆடு மாட்டுக்கு.

——

ஐயா, சொல் நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பியர் மரபியலில் 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்கிறாரே. அதர் என்றால் வழி. நம் மொழியின் வழியில் நடக்கும்படி கட்டுவது, ஆகவே 'அதர்ப்படுத்தல்'. களத்தில் மாடுகள் சுற்றிச் சுற்றி மிதித்துக் கதிரிலிருந்து மணியைப் பிரிப்பதை 'அதரி கொள்ளுதல்' என்பார்கள், அதுவும் இதே வேர் என்பது என் துணிபு. வைக்கோல் போய் நெல் நிற்கிறது, மொழிபெயர்ப்பும் அதுதானே?

——

> அதர்ப்படுத்தல்

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தொல்காப்பியர் எல்லா மொழிபெயர்ப்புக்கும் சொன்னதை ஒரு வகைக்கு மட்டும் எப்படி ஒதுக்குவது? அப்புறம், 'அதர்' என்றதும் மாணவர்கள் அகராதியைத்தான் தேடுவார்கள். 'தன்வயமாக்கல்' போதும், கேட்டவுடன் புரியும்.

——

புரியும், சரி. அதில் 'தன்' யார்? மொழியா, மொழிபெயர்ப்பாளரா? இதை விட்டுவிடாதீர்கள். 1978 முதல் 1980 வரை பெய்ஜிங்கில் வந்த இன்னொரு ஆங்கிலப் பதிப்பு யாங் சியென்யி, கிளாடிஸ் யாங் தம்பதியுடையது. கிளாடிஸ் பிரிட்டிஷ் பெற்றோருக்குப் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்தவர், ஆங்கிலம் அவருக்கும் தாய்மொழிதான். அவர்கள் பதிப்பில் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. அப்படியானால் பச்சையைக் கேட்டது ஆங்கிலம் இல்லை, ஹாக்ஸ். கன்பூசியஸின் 'ரென்' என்ற ஒரே எழுத்தைப் பாருங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ஜேம்ஸ் லெக் பல இடங்களில் அதைப் பிறருக்கு நலம் நாடும் குணமாக்கினார், 1938இல் ஆர்தர் வேலிக்கு அது வெறும் 'நன்மை' ஆனது. இரண்டும் ஆங்கிலந்தான், ஆள்தான் வேறு. எனவே 'மொழிவயமாக்கல்', 'ஆள்வயமாக்கல்' என்று இரண்டு சொல் வேண்டும்.

——

எல்லோருக்கும் நன்றி. நாளை படி எடுக்கக் கொடுக்க வேண்டும், கேட்டவுடன் புரிகிற 'தன்வயமாக்கல்' என்றே போட்டுவிட்டேன். அந்தத் 'தன்' யார் என்ற கேள்வியை, யிஹோங் யுவானின் இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வகுப்பிலேயே கேட்கப்போகிறேன்.

——

ஐயா, நான் 'அதர்ப்படுத்தல்' என்றே எழுதுவேன். அதரி பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.