வெள்ளைப் பீங்கான் குவான்யின்: முத்திரையை விடுங்கள், அடியைப் பாருங்கள்

தெஹுவா ஊரின் வெள்ளைப் பீங்கானில் செய்த குவான்யின் (சீனர்களின் கருணைத் தெய்வம்) சிலையின் முதுகில் ஹ சாவ்சோங் முத்திரை இருந்தால் மிங் காலத்துச் சிலை என்று விலை ஏறிவிடுகிறது. மிங் ஆட்சியின் கடைசிக் காலத்துக் கலைஞர் அவர். ஆனால் அவர் பெயரைப் பின்னால் வந்த பட்டறைகளும் தாராளமாகக் குத்தியிருக்கின்றன. (தெஹுவா எங்கே என்பவர்களுக்கு: 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த சுவான்சோ துறைமுகத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம், சீனாவின் ஃபூஜியன் மலைப்பகுதி.)

தலையையோ கையையோ பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை உடம்பில், ஒரு கை பீடத்தடியில். தடித்த துணியில் சாய்த்து உட்குடைவைப் பாருங்கள். மண்ணை அச்சுக்குள் அழுத்திய விரல் பள்ளங்கள் தெரிய வேண்டும். சுவர் எங்கும் ஒரே கனமாக, வழவழவென்று இருந்தால் மண்கூழ் ஊற்றி வார்த்த பிற்காலச் சரக்கு. விரல் தடம் இருப்பதாலேயே பழசு என்றும் ஆகிவிடாது; கையால் அழுத்திச் செய்வது அங்கே இன்றும் உண்டு.

அடியில் விரிசல் கண்டு பயப்பட வேண்டாம். சூளையில் விழுந்த விரிசலின் ஓரம் மழுங்கி, கிளேஸ் (பளபளப்பான மேற்பூச்சு) உள்ளே வழிந்திருக்கும். பிறகு விழுந்தது கிளேஸைக் கூராக வெட்டியிருக்கும்.

—

நிறம் பற்றி ஒன்று. அந்த மண்ணில் இரும்பு மிகக் குறைவு. சூளையில் காற்று தாராளமாக ஓடினால் தந்த நிறம், காற்று குறைந்தால் நீலச் சாயல். 17ஆம் நூற்றாண்டுச் சிலைகளில் தந்த நிறமும் பிந்தையவற்றில் நீலமும் அதிகம் என்பது உண்மைதான். அதை மட்டும் நம்பிக் காலம் சொல்வது ஆபத்து. குடைவுக்குள் சின்ன டார்ச் விட்டுப் பாருங்கள். மெல்லிய இடங்களில் ஒளி ஊடுருவும், ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் இருண்டு நிற்கும்.

—

முதலில் போவது விரல் நுனிதான். பழைய சிலையில் பத்து விரலும் முழுசாக இருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு அடித்தால் பழைய அரக்குப் பூச்சு ஆரஞ்சாகவும், எபாக்சி பிசின் பெரும்பாலும் பால்நீலமாகவும் ஒளிரும். சில புதிய பிசின்கள் ஒளிராமலே தப்பிவிடும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: பீங்கான் சில்லிடும், பிசின் அவ்வளவு சில்லிடாது.

தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது, பழைய பசை இளகிக் கை கழன்றுவிடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சி போதும்.

குவான்டி (போர்த் தெய்வம்) சிலையின் மோவாயில் ஓட்டை இருந்தால் அது உடைசல் அல்ல. நிஜ முடியில் தாடி செருகிய இடம். அடைத்துவிடாதீர்கள்.

குழந்தை ஏந்திய குவான்யினை ‘மரியா கன்னோன்’ (கன்னோன் என்பது குவான்யினின் ஜப்பானியப் பெயர்) என்று விற்றால் ஆவணம் கேளுங்கள். ஜப்பானில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் இதே சிலையைத்தான் மரியாளாக வணங்கினார்கள். நாகசாகியில் பறிமுதலானவை தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிலையில் எந்த வித்தியாசமும் தெரியாது.